ஜுராசிக் பார்க்கை மறுபடி பார்ப்பவர்கள் கேட்கிற கேள்விகள்

திருகோணமலையில் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் வகுப்பு மண்டபத்துச் சுவரில் ஏதாவது ஒரு படம் போடுவது வழக்கம். ஜுராசிக் பார்க்கைப் போடச் சொல்லி அதிகம் கேட்பது பிள்ளைகள் அல்ல, அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மா அப்பாமார்தான். 90களில் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, ஒரு வளவு முழுக்கக் கூடியிருந்து அதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

படம் முடிந்ததும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைப்பது சுகம். கேள்விகளை அவர்களுடைய பேச்சிலேயே விட்டிருக்கிறேன். கதையின் முடிவு வரைக்கும் பேசியிருப்பதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

டைனோசர் துரத்தினது மட்டும்தான் ஞாபகம் இருக்கு சேர். அப்படி என்ன கதை அது?

ஜோன் ஹமண்ட் என்ற பணக்காரர், அம்பருக்குள், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசினுக்குள், அகப்பட்ட பழைய நுளம்பின் வயிற்றிலிருந்து டைனோசர் இரத்தம் எடுத்து, அந்த டி.என்.ஏ.யை வைத்து டைனோசர்களை உருவாக்குகிறார். கொஸ்டா ரிக்காவுக்கு அப்பால் ஒரு தீவில் அவற்றை வைத்துப் பூங்கா கட்டுகிறார். திறப்பதற்கு முன்பே ஒரு தொழிலாளி மிருகத்திடம் அகப்பட்டுச் சாகிறான். முதலீட்டாளர்கள் பயந்துபோய், நிபுணர்கள் வந்து பார்த்துச் சான்று தரவேண்டும் என்கிறார்கள். டைனோசர் எலும்பு ஆராய்கிற அலன் கிராண்ட், பழங்காலத் தாவரங்களை ஆராய்கிற எல்லி சட்லர், கணிதவியலாளர் இயன் மல்கம், கூடவே ஒரு சட்டத்தரணி, ஹமண்டின் பேரப்பிள்ளைகள் இருவர் என்று எல்லோரும் தீவுக்கு வருகிறார்கள். கணினிப் பொறுப்பாளர் டெனிஸ் நெட்ரி, முளையங்களைத் திருடி விற்பதற்காக மின்வேலியை நிறுத்துகிறார். மிச்சம் ஓட்டம்தான்.

மைக்கல் கிரைட்டன் 1990இல் எழுதிய நாவல் இது. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் படம் 1993 ஜூனில் வந்தது.

முப்பது வருசப் பழசு. இப்ப பார்த்தா கிராபிக்ஸ் சிரிப்பா இருக்காதோ?

இருக்காது. 127 நிமிடப் படத்தில் டைனோசர்கள் திரையில் தெரிவதே சுமார் 15 நிமிடம்தான். அதிலும் கணினியில் செய்தது ஆறு நிமிடத்துக்குக் கிட்ட. மற்றதெல்லாம் ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையில் செய்த இயந்திர மிருகங்கள். மழையில் காருக்கு மேலே குனிகிற டி-ரெக்ஸ் என்ற பெரிய வேட்டை டைனோசரின் தலை நடிகர்களுக்குப் பக்கத்தில் நிஜமாகவே நின்றது. அதன் தோல் மழைத்தண்ணீரை உறிஞ்சிப் பாரமாகி, இயந்திரம் தானாக நடுங்கத் தொடங்க, படப்பிடிப்புக்காரர்கள் துவாயால் துடைத்துத் துடைத்துக் காயவைத்தார்களாம். அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தெரிகிற பயத்துக்கு அந்த இயந்திரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முழு உருவமும் நடக்கிற காட்சிகளைச் சின்னப் பொம்மைகளை அசைத்து எடுப்பதாகத்தான் முதலில் திட்டம். அந்த வேலையில் கைதேர்ந்தவர் பில் டிப்பெற். டெனிஸ் முரெனின் குழு கணினியில் செய்துகாட்டிய டைனோசரைப் பார்த்ததும், இனி நானே அழிந்துபோன இனம்தான் என்கிற மாதிரிச் சொன்னாராம். அந்த வசனத்தை ஸ்பீல்பேர்க் படத்திலேயே சேர்த்துக்கொண்டார். டிப்பெற்றையும் விடவில்லை, மிருகம் எப்படி அசையும் என்று கணினிக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொண்டார்.

குறை இல்லாமல் இல்லை. நல்ல வெயிலில் நீண்ட கழுத்துள்ள பிரக்கியோசோரஸ் முதலில் வருகிற காட்சியில், மிருகத்தின் வெளிச்சமும் புல்வெளியின் வெளிச்சமும் ஒட்டவில்லை. எங்கள் சுவரில் பெரிதாகப் போடும்போது அது தெளிவாகவே தெரிகிறது. இரவும் மழையும் உள்ள காட்சிகளில் அந்தப் பிரச்சினை இல்லை.

முதல் ஒரு மணித்தியாலம் சும்மா கதைச்சுக்கொண்டுதானே இருக்கிறாங்க. ஓடவிட்டுப் பார்க்கலாமோ?

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்த்தோம். ஜெனரேட்டருக்கு எண்ணெய் முடிவதற்குள் டைனோசர் வரவேண்டுமே! தவிர, சப்டைட்டில் இல்லாத ஆங்கிலம், ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை.

இப்போது ஓடவிடாதீர்கள். டி-ரெக்ஸ் முழுதாக வெளியே வருவது ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கழித்துத்தான். அதற்குமுன் ஒரு ஆட்டைக் கட்டிவைக்கிறார்கள், ஒன்றும் வரவில்லை. பிறகு கோப்பைத் தண்ணீரில் வளையம் வளையமாக அதிர்வு. பிறகு ஆடு நின்ற இடம் வெறுமை. பிறகு காரின் கண்ணாடிக் கூரையில் ஒரு கால் வந்து விழுகிறது. மிருகத்தைக் காட்டாமலே இவ்வளவு பயத்தை ஏற்றிவிட்ட பிறகு, அது வெளியே வந்து என்ன செய்தாலும் நம்புகிறோம். பிற்காலத்தில் பல படங்கள் மிருகத்தை முதல் பத்து நிமிடத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் இன்னும் பெரிய மிருகம் தேடின.

வசனம் விளங்காமல் பார்த்த எங்களையே இந்தப் படம் பிடித்துவைத்தது என்பதைக் கவனியுங்கள். பலமெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் உரிய இடங்களில் இருக்கிறது. பலவீனம் வசனத்தை விளங்கிக் கேட்கத் தொடங்கும்போதுதான் தெரியவரும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்த உறுமல் எந்த மிருகத்தின்ர சத்தம்?

பல மிருகங்களின் கலவை. டி-ரெக்ஸின் கத்தலில் முக்கியமானது ஒரு குட்டி யானையின் பிளிறல், மெதுவாக ஓடவிட்டது. அதோடு புலியும் முதலையும். ராப்டர்கள், அதாவது கூட்டமாக வேட்டையாடுகிற வெலோசிராப்டர்கள், ஒன்றையொன்று கூப்பிடுகிற அந்த விட்டுவிட்டுக் குரைக்கும் சத்தம், ஆமைகள் இணைசேரும்போது எழுப்புவது. இதை வகுப்பில் சொன்னால் அன்றைக்குப் பிறகு பாடம் நடக்காது. ஒலிவடிவமைப்பாளர் கரி ரைட்ஸ்ட்ரொம். ஒலிக்கலவை, ஒலித்தொகுப்பு, காட்சி விளைவு மூன்றுக்கும் ஒஸ்கார் கிடைத்தது.

கோப்பைத் தண்ணீரின் வளையம் கணினி வேலை இல்லை. காரின் உள்ளே கிற்றார் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி மீட்டினார்கள், அவ்வளவுதான்.

பேரே ஜுராசிக். அதில வாறது எல்லாம் அந்தக் காலத்து டைனோசரோ?

இல்லை. டி-ரெக்ஸ், ட்ரைசெரட்டொப்ஸ், வெலோசிராப்டர், கலிமைமஸ் எல்லாம் அதற்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலத்தவை. படத்தில் முக்கியமாக வருகிறவற்றில் ஜுராசிக் காலத்தவை பிரக்கியோசோரஸும், நெட்ரியைக் கொல்கிற டைலொபோசோரஸும்தான். பெயர் கேட்க நன்றாக இருந்தது, வைத்துவிட்டார்கள். நான் இதைக் குறையாக எடுப்பதில்லை.

ராப்டருக்கு இறகு இருந்ததெண்டு மகள் சொல்றாள். உண்மையோ?

உண்மை. இறகுத் தடம் தெளிவாக உள்ள டைனோசர் புதைபடிவம் சீனாவில் 1996இல் அறிவிக்கப்பட்டது. வெலோசிராப்டரின் முன்கை எலும்பிலேயே இறகு பொருந்துகிற முடிச்சுகளை 2007இல் கண்டார்கள். படம் வந்தது 1993இல். அன்றைக்குத் தெரியாததற்காக அதைக் குற்றம் சொல்ல முடியாது. உண்மையில், பறவைகள் டைனோசரிலிருந்து வந்தவை என்று பாமர மக்களில் பலருக்கு முதன்முதலில் சொன்னதே இந்தப் படம்தான். தொடக்கத்தில் கிராண்ட் தன்னைச் சுற்றி நிற்பவர்களுக்கு அதைத்தான் விளக்குகிறார்.

தெரிந்தே மாற்றியவை வேறு. உண்மையான வெலோசிராப்டர் ஒரு வான்கோழி அளவு. மொங்கோலியாவில் கிடைத்தது, பாரம் 20 கிலோவைத் தாண்டாது. படத்தில் ஆள் உயரத்துக்கு நிற்பது அதன் வட அமெரிக்க உறவான டைனோனிக்கஸைப் பார்த்துச் செய்தது. டைலொபோசோரஸ் இதற்கு நேர்மாறு: நிஜத்தில் 6 மீற்றருக்கு மேல் நீளம், படத்தில் குட்டியாகிவிட்டது. கழுத்தில் குடை மாதிரி விரிகிற தோலுக்கும், துப்புகிற நஞ்சுக்கும் ஆதாரமே இல்லை. ஆனால் அந்தக் காட்சி நன்றாக இருக்கிறது, என்ன செய்ய?

அசையாமல் நிண்டா டி-ரெக்ஸுக்கு ஆளைத் தெரியாதோ?

தெரியும், நன்றாகவே தெரியும். பிரெட்றிக் கோட்டையடியில் நிற்கிற மான்களின் முகத்தைப் பாருங்கள். கண்கள் பக்கவாட்டில் இருக்கும். எந்தப் பக்கத்தால் ஆபத்து வந்தாலும் காண்பதற்கு. டி-ரெக்ஸின் கண்கள் முன்னுக்குப் பார்த்தவை. இரண்டு கண்ணின் பார்வையும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் தூரத்தை அளக்க முடியும், வேட்டைக்கு அதுதான் வேண்டும். போதாததற்கு மோப்பமும் கூர்மை. கிராண்ட் சொன்னபடி அசையாமல் நின்றிருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும்.

ஓட்டமும் அப்படித்தான். மணிக்கு 32 மைல், அதாவது 50 கிலோமீற்றருக்கு மேல், என்று ஹமண்ட் பெருமைப்படுகிறார். எலும்பின் பலத்தைக் கணக்கிட்டுப் பார்த்த பிற்கால ஆய்வுகள் 20 தொடக்கம் 30 கிலோமீற்றருக்குள்தான் நிற்கின்றன. ஜீப் தப்பியிருக்கும். நிலாவெளி வீதியில் ஓடுகிற ஓட்டோவே தப்பியிருக்கும்.

நுளம்புக்குள்ள இருந்து இரத்தம் எடுத்து உண்மையா டைனோசர் செய்யலாமோ?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். முடியாது. டி.என்.ஏ. உயிர் போனதும் உடையத் தொடங்குகிறது. நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவைகளின் எலும்பை வைத்து 2012இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஏறக்குறைய 13 பாகை வெப்பத்தில் 521 வருடத்துக்கு ஒருமுறை பிணைப்புகளில் பாதி உடைந்துபோகிறது. உறைபனியில் கிடந்தாலும் 70 இலட்சம் வருடம் ஆகும் முன்பே ஒன்றும் மிஞ்சாது. இதுவரை வாசிக்கப்பட்டதில் மிகப் பழையது கிரீன்லாந்து மண்ணிலிருந்து, சுமார் 20 இலட்சம் வருடம், 2022இல் அறிவித்தார்கள். டைனோசர் அழிந்தது 6 கோடியே 60 இலட்சம் வருடத்துக்கு முன். எட்டாத தூரம்.

ஆனால் படத்தைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். படம் வெளிவந்த அதே 1993 ஜூனில், லெபனான் அம்பரில் இருந்த 12 கோடி வருடத்துக்கு மேற்பட்ட வண்டு ஒன்றின் டி.என்.ஏ.யை எடுத்துவிட்டதாக நேச்சர் சஞ்சிகையில் ஒரு கட்டுரையே வந்தது. பிறகு மற்றவர்கள் செய்துபார்த்தபோது அம்பரிலிருந்து அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய மாதிரிகளில் இக்காலத்து டி.என்.ஏ. கலந்துவிடுவது இந்தத் துறையின் நிரந்தரத் தலையிடி. அந்த வருடத்தில் கிரைட்டனின் கற்பனை, நிபுணர்களே ஆசைப்பட்ட கற்பனை.

படத்தின் உண்மையான சறுக்கல் சின்னது, யாரும் கேட்பதில்லை. அம்பர் எடுக்கிற சுரங்கம் டொமினிக்கன் குடியரசில் இருப்பதாகக் காட்டுகிறார்கள். அந்த நாட்டு அம்பர் இரண்டு கோடி வருடம் அளவில்தான் பழையது. அதற்குள் இருக்கிற நுளம்பு டைனோசரைக் கண்டதே கிடையாது. லெபனான் என்று போட்டிருந்தால் தப்பியிருக்கலாம்.

எல்லாம் பெண் எண்டு சொல்லிப்போட்டு முட்டை எப்பிடி வந்தது?

விடுபட்ட டி.என்.ஏ. துண்டுகளை நிரப்பத் தவளையின் டி.என்.ஏ.யைப் போட்டதாகவும், சில ஆபிரிக்கத் தவளைகள் பால் மாறக்கூடியவை என்பதால் டைனோசரும் மாறிவிட்டதாகவும் படம் சொல்கிறது. தவளையை ஏன் தேர்ந்தார்கள் என்பது கதாசிரியருக்குத்தான் வெளிச்சம். மேலே சொன்ன பறவைச் சொந்தத்தைப் பார்த்தால் கோழியோ முதலையோதான் கிட்டிய உறவு. கதைக்குத் தவளை தேவைப்பட்டது.

பால் மாறுவது என்பது கட்டுக்கதை இல்லை. மூதூரிலிருந்து மகனோடு வந்த ஒரு வாப்பா, மீன்பிடிக்கிறவர், இதை நம்பவே மாட்டேன் என்றார். அவர் பிடிக்கிற கலவாய் மீன்களிலேயே பல இனங்கள் பெண்ணாகத் தொடங்கிப் பிறகு ஆணாகின்றன. புறாமலைப் பவளப்பாறையில் கிளிமீன்களும் அப்படி. நீமோ என்று பிள்ளைகள் சொல்கிற கோமாளி மீன் மறுபக்கம்: ஆண் பெண்ணாகும். இன்னொன்று, ஆணே இல்லாமல் பெண் முதலை இட்ட முட்டையில் முழுதாக வளர்ந்த கரு இருந்ததை 2023இல் அறிவித்தார்கள். அந்த முதலை இருந்த இடம் எது தெரியுமா? கொஸ்டா ரிக்கா.

தப்பிப் போனாலும் லைசின் இல்லாமல் செத்துப்போகும் எண்டு சொல்றாங்களே, அது சரியோ?

படத்திலேயே மோசமான விஞ்ஞானம் இதுதான், ஆனால் ஒருவரும் கவனிப்பதில்லை. டைனோசர்களின் உடம்பு, புரதத்தின் ஒரு கூறான லைசினைத் தயாரிக்க முடியாதபடி செய்திருக்கிறோம், நாங்கள் கொடுக்காவிட்டால் சாகும் என்கிறார்கள். உங்கள் உடம்பும் லைசினைத் தயாரிக்காது, என்னுடையதும் தயாரிக்காது. மிருகங்கள் எல்லாமே அதைச் சாப்பாட்டிலிருந்துதான் எடுக்கின்றன. இறைச்சியிலும் மீனிலும் தாராளம். சோற்றில் குறைவு, பருப்பில் அதிகம், அதனால்தான் சோறும் பருப்பும் நல்ல சோடி. ஆட்டை முழுங்குகிற டி-ரெக்ஸுக்கு லைசின் பஞ்சம் வர வாய்ப்பே இல்லை.

ஆடு நிண்ட இடத்தில திடீரெண்டு பள்ளம் எங்கால வந்தது?

வேலிக்கு அந்தப் பக்கம் சமதரை, அங்கேதான் ஆடு நின்றது, டி-ரெக்ஸும் நடந்து வந்தது. சில நிமிடம் கழித்து அதே வேலிக்கு மேலால் கார் விழும்போது ஒரு மரம் அளவு ஆழம். எத்தனை தரம் பார்த்தாலும் காட்சியிலிருந்து அது விளங்காது. தொடர்ச்சிப் பிழை என்று விட்டுவிடலாம்.

எனக்கு அதைவிட உறுத்துவது நோய்வாய்ப்பட்ட ட்ரைசெரட்டொப்ஸ். எல்லி சாணிக்குள் கையை விட்டே தேடுகிறாள், காரணம் என்ன என்று படம் சொல்லாமலே போய்விடுகிறது. நாவலில் விடை இருக்கிறது: வயிற்றில் அரைப்பதற்காகக் கல் விழுங்கும்போது நச்சுக் காயும் சேர்ந்து போகிறது. நல்லதொரு துப்பறியும் துண்டு, வீணாகப் போனது.

அந்தப் பிள்ளை கம்பியூட்டரில செய்யிறது சும்மா டூப் தானே?

அதுதான் இல்லை. கோப்புகளைக் கட்டடங்கள் மாதிரி முப்பரிமாணத்தில் காட்டுகிற அந்த மென்பொருள் உண்மையாகவே இருந்தது, சிலிகன் கிராபிக்ஸ் கணினிகளில் ஓடியது. நாவலில் கணினி தெரிந்தவன் பேரன்தான். படத்தில் அதை அக்காவுக்குக் கொடுத்தார்கள், நல்ல மாற்றம்.

எங்கட திருகோணமலையில தோண்டினா டைனோசர் எலும்பு கிடைக்குமோ?

கிடைக்காது. கோணேசர் கோயில் நிற்கிற பாறை உட்பட எங்கள் பக்கத்துப் பாறைகள், பூமியின் ஆழத்தில் வெந்து நசுங்கி உருமாறியவை, 50 கோடி வருடத்துக்கும் முந்தியவை. டைனோசர் பிறப்பதற்கு வெகு முன். இலங்கையில் ஜுராசிக் காலப் படிவுகள் புத்தளம் மாவட்டத்தில் தப்போவ, ஆண்டிகம பக்கம் உண்டு, அங்கே கிடைத்தவை தாவரப் புதைபடிவங்கள். தமிழ் பேசுகிற மண்ணில் டைனோசர் எலும்பு வேண்டுமென்றால் அரியலூருக்குப் போகவேண்டும். அங்கே கல்லமேட்டில் கண்ட இராட்சத எலும்புகளுக்கு 1987இல் புருகத்காயோசோரஸ் என்று பெயரிட்டார்கள். பெயரே பெரிய உடம்பு என்றுதான்.

சரி, எல்லாம் விடுங்கோ. படத்தின்ர பெரிய குறை எது? ஒண்டைச் சொல்லுங்கோ.

ஹமண்ட். சின்ன வயதில் வெள்ளைத் தாடி, வெள்ளை உடுப்பு, கைத்தடியோடு வருகிற அந்தத் தாத்தா எல்லோருக்கும் பிடிக்கும். இப்போது அவர் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். செலவுக்குக் கணக்குப் பார்க்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஐஸ்கிரீம் விசயத்தில் அது சரி. தீவு முழுவதன் வேலிகளையும் கதவுகளையும் ஒரே ஒரு கணினிக்காரனின் கையில் விட்டிருக்கிறார், அவனோ சம்பளம் போதாது என்று முகத்துக்கு நேரே முறையிடுகிறான்.

நாவலின் ஹமண்ட் பேராசைக்காரர், கடைசியில் தன் சின்ன டைனோசர்களிடமே அகப்பட்டுச் சாகிறார். படம் அவரை இளகிய தாத்தாவாக்கி, ரிச்சர்ட் அற்றன்பரோவைப் போட்டது. காந்தி படத்தை இயக்கிய அதே அற்றன்பரோ. மனுசன் உருகுகிற ஐஸ்கிரீமோடு உட்கார்ந்து தன் பழைய தெள்ளுப்பூச்சி சர்க்கஸைப் பற்றிச் சொல்லும்போது எங்களையும் உருக்கிவிடுகிறார். அந்த நடிப்புத்தான் சிக்கல். படத்தில் ஐந்து பேர் சாகிறார்கள். முடிவில் ஹமண்ட், பூங்காவுக்கு என் சம்மதமும் இல்லை என்று ஒரு வரியோடு ஹெலிகொப்டரில் ஏறுகிறார். முதல் காட்சியில் செத்த தொழிலாளியின் குடும்பம் வழக்குப் போட்டது என்று ஒரு இடத்தில் சொல்கிறார்களே, அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

சட்டத்தரணியையும் பாருங்கள். பூங்கா பாதுகாப்பானதா என்று முதலில் கேட்பதே அவர்தான். டைனோசரைக் கண்டதும் பணத்தாசையில் மாறிவிடுகிறார் என்பது சரி. ஆனால் அவரை மலசலகூடத்தில் இருந்தபடியே மிருகத்துக்குக் கொடுத்துச் சிரிக்கவைக்கிறார்கள். நாவலில் அவர் அவ்வளவு கோழை இல்லை.

அப்ப நெட்ரி நல்லவனோ? கள்ளனுக்கு வக்காலத்து வாங்குறீங்களே சேர்!

நல்லவன் இல்லை. பிள்ளைகள் வெளியே நிற்கும்போது வேலியை நிறுத்தினவன். ஆனால் ஒருவன் சில நிமிடம் கதிரையை விட்டு எழும்பினால் தீவே குலையும் என்றால், அந்தத் தீவைக் கட்டினவரிடமும் கேள்வி கேட்கவேண்டும். நாவலில் நெட்ரிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. என்ன வேலை என்று முழுதாகச் சொல்லாமலே ஒப்பந்தம் போட்டு, பிறகு காசு கொடுக்காமல் மேலதிக வேலை வாங்குகிறார்கள். படம் அதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அவனைக் குண்டனாக, ஊத்தையாக, சாப்பிட்டுக்கொண்டே இருப்பவனாகக் காட்டுகிறது. பிள்ளைகளுக்கு யாரை வெறுக்கவேண்டும் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். எங்களுக்கும் ஆங்கிலம் விளங்காமலே தெரிந்தது.

மல்கம் சாப்பாட்டு மேசையில் பேசுவது இதைப் பற்றித்தான். செய்ய முடியுமா என்று பார்த்தீர்கள், செய்யலாமா என்று யோசிக்கவில்லை என்கிறார். ஹமண்டின் முகத்துக்கு நேரே சொன்ன அந்தக் குற்றச்சாட்டைப் படம் கடைசி வரை கொண்டுபோகவில்லை. பழியை நெட்ரியோடு புதைத்துவிட்டது.

எத்தனை வயசுப் பிள்ளைக்குக் காட்டலாம்?

நான் ஆறாம் ஆண்டுக்குக் கீழே வேண்டாம் என்பேன். சமையலறைக்குள் ராப்டர் தேடுகிற காட்சியும், மின்சார அறையில் தோளில் விழுகிற கையும் சின்னப் பிள்ளைகளை இரவில் எழுப்பும். இரத்தம் அதிகம் காட்டுவதில்லை.

பிறகு வந்த பாகங்களையும் போடுவீங்களோ?

1997இல் வந்த இரண்டாம் பாகத்தில், பாறை விளிம்பில் தொங்குகிற வண்டியின் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக வெடிக்கிற காட்சிக்காகப் போடுவேன். 2001இல் வந்த மூன்றாவதில் ராப்டரின் தலையில் கொஞ்சம் இறகு முளைத்தது, அதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை. 2015க்குப் பிறகு வந்தவற்றைப் பிள்ளைகளே கைபேசியில் பார்த்துவிட்டார்கள், அவற்றுக்குச் சுவர் தேவைப்படவில்லை.